கடைசிப் பக்கத்துக் கூப்பன்

அண்ணை அந்தப் புத்தகத்தைக் கைபேசித் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபோது நான் குசினியில் முருங்கைக்காய் சீவிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காலை. ரொறன்ரோவில் அவர் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கதைக்கிற நேரம். அவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றதில் இருந்து ஞாயிறு தவிர எல்லா நாளும் இப்படித்தான். நான் மரக்கறி வெட்டுவேன், அவர் கதைப்பார்.

“தெரியுதோ கிரேஸ்? இன்னும் கிட்டப் பிடிக்கட்டோ?”

தெரிந்தது. தட்டையான, தடித்த பிளாஸ்டிக் பெட்டி. நான்கு பக்கமும் ஒட்டி மூடியது. உடைத்தால் ஒழியத் திறக்க முடியாது. அதற்குள், எங்கள் உடுப்பிட்டி வீட்டு றங்குப் பெட்டியில் இத்தனை வருடம் கிடந்த ஒரு கொமிக்ஸ் புத்தகம், கண்ணாடிக்குள் வைத்த நகை மாதிரி நின்றது. மேலே ஒரு லேபல். லேபலில் ஓர் எண்.

“ஒண்டரை. பத்துக்கு ஒண்டரை. அப்பாவின்ரை வகுப்பிலை கூட நான் இவ்வளவு குறைய எடுக்கேல்லை” என்று அண்ணை சிரித்தார்.

பிறகு அதோடு வந்த குறிப்பை வாசித்தார். ஆங்கிலத்தில் இருந்ததை எனக்காகத் தமிழில் சொன்னார். முதுகுப் பக்கத்தில் மடிப்பு. கம்பியில் துரு. ஆறாம் பக்கத்திலும் ஒன்பதாம் பக்கத்திலும் சிவப்பு மையால் எழுத்து.

“அது அப்பா” என்றேன்.

“வேறை ஆர்? பேந்து கடைசிக் குறிப்பு. கடைசிப் பக்கத்திலை கூப்பன் வெட்டி எடுக்கப்பட்டிருக்கு. கதை பாதிக்கப்பட்டிருக்கு.” பெட்டியைக் கீழே வைத்தார். முகம் மட்டும் திரையில் இருந்தது. “எங்கையோ இருக்கிற அமெரிக்காக்காரன் எழுதிக் குடுத்திருக்கிறான் பார். இந்திரன்ரை வேலை. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவனை நினைச்சா எனக்கு ஒரு கசப்பு.”

“ஓம் அண்ணை” என்றேன். அடுப்பில் சோறு என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன். அன்றைக்கு நான் அரிசியே இன்னும் கழுவியிருக்கவில்லை.

அந்தக் கூப்பனை வெட்டியது இந்திரன் அல்ல. நான்.

இந்தத் தொடரில் எங்கள் வீட்டைப் பற்றி எத்தனையோ எழுதிவிட்டேன். நான் பொய் சொல்லாத பிள்ளை என்று ஓரிடத்தில் எழுதியதாகவும் ஞாபகம். அதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

கப்பலில் வந்தவை

அம்மாவின் தம்பி கப்பலில் வேலை செய்தார். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அண்ணைக்கு ஒரு கட்டுக் கொமிக்ஸ் வாங்குவார். சிலவற்றைத் தபாலில் போடுவார், சிலவற்றை விடுமுறையில் வரும்போது கொண்டுவருவார். அமெரிக்கப் புத்தகங்கள். மெல்லிய தாள், புள்ளி புள்ளியாக நிறம், பிரித்தால் மண்ணெண்ணெயும் பழைய சீனியும் கலந்த மாதிரி ஒரு வாசம்.

நான் வெட்டிய புத்தகம் ஒரு விண்வெளி வீரனின் கதை. பெயரைச் சொன்னால் பழைய கொமிக்ஸ்காரர்கள் எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். விடுகிறேன்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். கொமிக்ஸ் வாசித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பார். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலில் வாசிப்பவர் அவர்தான். வாசிக்கிற கையில் சிவப்புப் பேனை இருக்கும். அமெரிக்கர்கள் விழுங்கிவிட்ட எழுத்துகளை ஒவ்வொரு சொல்லிலும் திரும்பப் போட்டுவிடுவார். பூமியைக் காப்பாற்றப் பறந்துகொண்டிருக்கிற வீரனின் வாய்க்கு மேலே, அப்பாவின் சிவப்புத் திருத்தம் ஒன்று நிற்கும்.

சனிக்கிழமைகளில் இந்திரன் வருவார். அண்ணையின் வகுப்பு. பொலிகண்டிக் கடற்கரையில் இருந்து நடந்து வருவார். தகப்பன் வள்ளம் வைத்திருந்தவர். இந்திரனுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. அண்ணை தமிழில் சொல்லச் சொல்ல, இந்திரன் எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார். வில்லனுக்குத் தலைமை ஆசிரியரின் குரல். நான் கதவோடு ஒட்டி நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஒரு விஷயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்திரன் வந்ததும் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார். அவரைக் கழுவச் சொல்லி யாரும் சொன்னதில்லை. அண்ணை கழுவவேமாட்டார்.

இப்போது இந்தச் சேகரிப்பில் ஊறியவர்கள் பழைய கொமிக்ஸைத் தொடக் கையுறைகூடப் போடமாட்டார்களாம். நன்றாகக் கழுவித் துடைத்த வெறுங்கைதான் தாளுக்கு நல்லது என்று அண்ணை சொன்னார். எனக்கு அப்போதும் கிணற்றடிதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு வரவில்லை.

பத்துக்கு எத்தனை

அண்ணைக்கு இந்த வியாதி பிடித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். ஊருக்கு வந்தவர் றங்குப் பெட்டியைத் திறந்தார். சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டுக் குசினிப் பக்கம் இடிந்தது. நாங்கள் மூன்று தடவை இடம்பெயர்ந்து போய்த் திரும்பினோம். பெட்டி இருந்த அறைக்கு ஒன்றும் நடக்கவில்லை. வேப்பிலைச் சருகும் பூச்சி உருண்டையும் போட்டு அம்மா மூடிவைத்தபடியே புத்தகங்கள் இருந்தன. கரையான் ஒரு மூலையோடு நின்றுவிட்டது.

நாற்பத்துச் சொச்சம் புத்தகங்களையும் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோனார். விமானத்தில் பையை மேலே வைக்காமல் மடியில் வைத்திருந்தாராம்.

அவருடைய மகன்தான் கிரேடிங் பற்றிச் சொன்னான். அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு கொம்பனி. புத்தகத்தை அனுப்பினால் அதே தொழிலாய் இருக்கிற ஆட்கள் பக்கத்துக்குப் பக்கம் எண்ணி, விளக்கில் பிடித்து, மூலை மடிந்ததா, தாள் மஞ்சளா, யாராவது பசை வைத்து ஒட்டினார்களா என்று பார்த்து, பத்துக்கு ஒரு புள்ளி போட்டு, பெட்டிக்குள் மூடித் திருப்பி அனுப்புவார்கள். பல மாதம் காத்திருக்க வேண்டும்.

“விக்கப் போறீங்களோ?” என்று கேட்டேன்.

“விசரே உனக்கு? எனக்கு என்ரை புத்தகம் எப்படி இருக்கு எண்டு ஒருத்தன் பாத்துச் சொல்லவேணும். அவ்வளவுதான்.”

அது எனக்கு விளங்கியது. எங்கள் வயதில் வைத்தியரிடம் போவதும் அதற்குத்தானே.

பேசும் பொம்மை

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் புத்தகத்தின் கடைசித் தாளில் ஒரு பக்கம் விளம்பரம். நடுவில் சுருட்டை முடியோடு ஒரு பொம்மை. முதுகில் உள்ள கயிற்றை இழுத்தால் பேசும் என்று போட்டிருந்தது. கீழே புள்ளிக் கோட்டால் சுற்றி வரைந்த கூப்பன். பெயரும் முகவரியும் எழுதி, ஒரு டொலரோடு அனுப்பச் சொன்னது.

டொலர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அம்மாவின் தையல் பெட்டியில் இருந்து கத்தரிக்கோலை எடுத்து, புள்ளிக் கோட்டில் பிசகாமல் வெட்டினேன். என் பெயரை எழுதினேன். ஞாயிறு பள்ளிக் காணிக்கைக்கு அப்பா தந்த சில்லறையைக் கூப்பனுக்குள் மடித்து, அப்பாவின் பழைய கடித உறையில் போட்டு, தேவாலயத்துக்குப் போகிற வழியில் தபால் பெட்டிக்குள் விட்டேன். முத்திரை ஒட்டவேண்டும் என்பது தெரியவில்லை. அமெரிக்கா என்று எழுதினால் போய்விடும் என்று நினைத்தேன்.

நான் செய்யாமல் விட்டது ஒன்றுதான். தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுபக்கத்தில் கதையின் கடைசிப் படம் இருந்தது. முகமூடிக்காரனின் முகமூடி கழலுகிற படம். முதல் நாள் சனிக்கிழமை அண்ணையும் இந்திரனும் பாதி வரைக்கும் வாசித்துவிட்டு, அம்மா சாப்பிடக் கூப்பிட்டதால் மூடிவைத்திருந்தார்கள். அடுத்த சனி மிச்சத்தை வாசிப்பதாக ஒப்பந்தம். அண்ணைக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு தேவாலயம் முடிந்து வந்ததும் எடுத்துப் பிரித்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அதற்குள்ளால் அவருடைய தொடை தெரிந்தது.

ஐம்பது வருடத்துக்குப் பிறகு, மகன் கணினியில் தேடி அந்தப் படத்தைக் காட்டினானாம். முகமூடிக்குப் பின்னால் இருந்தது ஓர் இயந்திரம். “உதுக்குப் போயே நான் அழுதனான் எண்டு இருந்தது” என்றார் அண்ணை.

அப்பா சொன்ன பெயர்

சாப்பாட்டு மேசையில் விசாரணை நடந்தது. நான் சொல்லத்தான் இருந்தேன். வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அதற்குள் அப்பா கேட்டார். “நேற்று அந்தக் கடற்கரைப் பொடியன் வந்தவன் என்ன?”

அண்ணை தலையாட்டினார்.

“உவங்களை உள்ளுக்கை விட்டா உப்பிடித்தான்.”

“அந்தப் பொடியன் கை கழுவிப்போட்டெல்லோ புத்தகத்தைத் தொடுறவன்” என்று அம்மா மெதுவாகச் சொன்னார்.

“கை கழுவினாப்போலை?” என்றார் அப்பா.

அவ்வளவுதான். அந்தப் பெயர் அந்த ஓட்டைக்கு அளவெடுத்த மாதிரிப் போய் உட்கார்ந்துவிட்டது. நான் சோற்றை விழுங்கினேன். எனக்கு வந்தது பயம் அல்ல, நிம்மதி. இன்றைக்கும் என்னை வெட்கப்படுத்துவது அதுதான்.

அடுத்த நாள் பள்ளிக்கூட விறாந்தையில் வைத்து, இனி வீட்டுக்கு வரவேண்டாம் என்று அப்பா இந்திரனிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

என் அப்பா கெட்ட மனிதர் அல்ல. பரீட்சைக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்து இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பிள்ளைகளில் கடற்கரைப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் ஒரு பொருள் காணாமல் போனால் யாருடைய பெயர் முதலில் வாயில் வரும் என்பது வேறு விஷயம். அப்பா இறந்து இருபது வருடமாகிறது. அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் தேவாலயத்தில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். நாங்கள் பாவம் செய்தோம் என்று பன்மையில் வரும். ஐம்பது வருடம் அந்தப் பன்மைக்குள் ஒளிந்திருந்தேன். நெல்லியடிச் சந்தையில் ஓரிரு தடவை இந்திரனைக் கண்டிருக்கிறேன். மற்றப் பக்கம் திரும்பியது நான்தான்.

“கேக்குது”

பத்துக்கு ஒன்றரை வந்த அன்று துண்டித்தவள், இரண்டு நாள் அண்ணையின் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நானே அழைத்தேன்.

“அண்ணை, அந்தக் கூப்பன் நான் வெட்டினது.”

 இணைப்பு நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

“கேக்குதோ?”

“கேக்குது” என்றார். பிறகு, “எதுக்கு வெட்டினனி?”

பொம்மையைச் சொன்னேன். காணிக்கைச் சில்லறையைச் சொன்னேன். வேறொரு நாளாக இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். சிரிக்கவில்லை.

“அப்பா ஒருக்காத்தான் சொன்னவர்” என்றார். “நான் வகுப்பு முழுக்கச் சொன்னனான். கள்ளன் எண்டு. ஆரின்ரையும் பென்சில் துலைஞ்சாலும் இந்திரனைத்தான் பாப்பம். அந்த வருசம் முழுக்க.”

இது எனக்குத் தெரியாத கதை. நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடம் வேறு.

“நீ போய்ச் சொல்லு கிரேஸ். நாளைக்கே போ. என்ரை நம்பரையும் குடு. எடுக்கிறதும் விடுறதும் அவன்ரை விருப்பம்.”

பொலிகண்டி

ஓட்டோவில் போனேன். தூரம் ஒன்றும் இல்லை, பதினைந்து நிமிடம். கடற்கரை வீதிக்குத் திரும்பியதும் காற்றில் உப்பு ஏறியது. மதிலோரம் வலைகள் காய்ந்தன. இந்திரன் வீடு என்று கேட்டதற்கு, “எஞ்சின் திருத்துறவரோ?” என்று ஒரு பெண் கையைக் காட்டினார்.

பூவரச மரத்துக்குக் கீழே கொட்டில். வள்ளத்து எஞ்சின் ஒன்றைக் கட்டையில் ஏற்றிவைத்து அவர் வேலை செய்துகொண்டிருந்தார். மேலுக்குச் சட்டை இல்லை, சாரம் மட்டும். தலை முழுக்க நரை. என்னைக் கண்டதும் கண்ணைச் சுருக்கினார்.

“வாத்தியாற்றை மகளோ?”

“ஓம். கிரேஸ்.”

“இருங்கோ தங்கச்சி” என்று பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துவிட்டார்.

வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன. வந்த ஒழுங்கில் சொன்னேன். புத்தகம், கத்தரிக்கோல், கூப்பன், அப்பா. அவர் எஞ்சின் பிளக் ஒன்றைக் கம்பித் தூரிகையால் உரஞ்சிக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் உரஞ்சினார்.

“பொம்மைக்கோ?”

“ஓம்.”

“வந்ததோ?”

“இல்லை.”

தலையாட்டினார். அண்ணையின் நம்பர் எழுதிய துண்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்து, மடித்து, சாரத்து முடிச்சுக்குள் வைத்தார். எடுப்பேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“உங்கடை அப்பா சொன்னது எனக்குப் பெரிசில்லை” என்றார். “உங்கடை அண்ணை சாம் வகுப்பிலை சொன்னதும் போகட்டும். அப்ப பொடியள்தானே. வீட்டிலை நடந்ததுதான்.”

யாரோ சந்தையில் வைத்து அவருடைய தாயிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். தாய் அன்றைக்கே அறக்குளாக் கருவாட்டை ஓலைப்பையில் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்வாசல் படலைக்கு வந்தாராம். மன்னிப்புக் கேட்க. அப்பா வெளியில் வரவில்லை. மகனைத் திருத்தச் சொல்லி உள்ளே இருந்து சொல்லியனுப்பினார்.

“திரும்பி வந்து, முகட்டிலை சொருகியிருந்த திருக்கை மீன் வாலை இழுத்தவ. முதுகிலை ஒரு அடிதான். அதுக்கு முந்தியும் அடிச்சதில்லை, பிந்தியும் அடிச்சதில்லை. பேந்து தானே அழுதழுது எண்ணெய் பூசினவ.”

பிளக்கைக் கீழே வைத்தார்.

“இப்பவும் சொல்லுவா. என்ரை பிள்ளை களவெடுத்தாலும் படிக்கிற புத்தகத்திலைதானே கை வைச்சவன் எண்டு. எனக்குப் பரிஞ்சுதான் சொல்லுறா. என்ரை பிள்ளையளுக்குச் சொல்லுவா, மருமகளுக்குச் சொல்லுவா. நான் செய்யேல்லை எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். அவ என்னை எப்பவோ மன்னிச்சிட்டா. நம்பத்தான் இல்லை.”

எழும்பினார். “எனக்குச் சொன்னது போதும், தங்கச்சி. வாங்கோ, அவவுக்குச் சொல்லுங்கோ.”

உரத்துச் சொன்னது

வீட்டு விறாந்தைக் கட்டிலில் தாய் இருந்தார். தொண்ணூறுக்குக் கிட்ட. மெலிந்த உடம்பு, தெளிந்த கண்.

“அவவுக்குக் காது கேளாது. உரத்துத்தான் சொல்லவேணும்” என்றார் இந்திரன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். “என்ன?” என்றார். இன்னும் உரத்துச் சொன்னேன். காதுக்குப் பின்னால் கையை வைத்தார். அடுத்த வளவில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையை நிமிர்த்தினார்கள். மருமகள் அகப்பையோடு வாசலுக்கு வந்தார்.

வகுப்பறையில் முப்பது வருடம் கத்திய தொண்டை என்னுடையது.  மூன்றாம் தடவை அந்தக் குரலை எடுத்தேன்.

“புத்தகத்தை வெட்டினது நான்! இந்திரன் இல்லை! வாத்தியாற்றை மகள், நான்!”

வளவு முழுக்கக் கேட்டது. வலைக்காரர்களின் கை நின்றது.

தாய் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு மகனை. பிறகு மறுபடியும் என்னை.

“உனக்கு அப்ப எத்தினை வயசு?”

ஒன்பது விரலைக் காட்டினேன்.

“ஒன்பது வயசிலை சொல்லத் தெரியும்” என்றார்.

குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. 

தாய் மகன் பக்கம் திரும்பினார். “அப்ப நீ செய்யேல்லையே?”

இந்திரன் இல்லை என்று தலையாட்டினார்.

“இஞ்சை வா.”

இந்திரன் கட்டிலடியில் நிலத்தில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

“திரும்பு. எந்தப் பக்கமடா விழுந்தது?”

அவர் பெருவிரலைப் பின்னால் கொண்டுபோய் இடப்பக்கத் தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். வெயிலில் கறுத்த முதுகு. அங்கே ஒரு தழும்பும் இல்லை. தாய் குனிந்து பார்த்தார், விரலால் தடவித் தேடினார். பிறகு அந்த இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

அறுபது தாண்டிய அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, தாய் கையை எடுக்கும்வரை அசையாமல் இருந்தார்.